கார்க் முதலில், சோர்பே பிறகு

சென்ற சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஒரு பெண்மணியை அவருடைய தம்பி கைத்தாங்கலாக எங்கள் கண் அவசரப் பிரிவுக்கு அழைத்துவந்தார். வலக்கண்ணின்மேல் ஈரத்துண்டை அழுத்திப் பிடித்திருந்த அவருடைய விரல்களில் எலுமிச்சைச் சோர்பே என்ற பழ ஐஸின் பிசுபிசுப்பு இன்னும் காயாமல் இருந்தது. துண்டை விலக்கி கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தபோது, முன்புறத் தெளிந்த படலமான கருவிழிக்கும் அதன் பின்னுள்ள வண்ண வளையமான ஐரிசுக்கும் நடுவிலுள்ள முன்னறையின் அடியில் ரத்தம் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேங்கி, அதன் மேல்விளிம்பு அளவுகோல் வைத்து வரைந்ததைப்போல நேராக நின்றது. "அக்கா கிளாஸ்ல சோர்பே போட்டுட்டு, சீக்கிரம் ஊத்துடா, உருகுதுன்னாங்க டாக்டர். நான் கம்பியைப் பிரிச்சதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கோடையில் ஷாம்பெயின் போன்ற வைன் பாட்டிலின் கார்க் பட்டு என்னிடம் வந்த மூன்றாவது கண் இது. மூன்றில் இரண்டு, இதே பானத்தைத் தயாரிக்கும்போது நேர்ந்தவை. ஆகவே பாட்டிலைக் கவனமாகத் திறக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், இந்த ஒரு பானத்தைப் பற்றியே எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பானம் எளிமையானது. பால் சேராத பழ ஐஸான சோர்பேயை ஒரு உருண்டை கிளாஸில் போட்டு, அதன்மேல் குளிர்ந்த, நுரைத்துப் பொங்கும் ஸ்பார்க்ளிங் வைனை ஊற்றினால் இனிப்பும் பானமும் ஒன்றாகிவிடும். வெனிஸ் பகுதியில் எலுமிச்சைச் சோர்பேயையும் அந்த ஊர் ஸ்பார்க்ளிங் வைனான ப்ரொசெக்கோவையும், பல வீடுகளில் சிறிது வோட்காவையும் சேர்த்து அடித்து, ஸ்க்ரோப்பினோ என்ற பெயரில் விருந்தில் பரிமாறுவார்கள். வெயில் காலத்தில், நிறைய விருந்தாளிகள் வரும் நாளில், அடுப்பைப் பற்றவைக்காமல் செய்யக்கூடிய இனிப்பு என்பதால் இது எல்லோருக்கும் பிடித்துப்போயிருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அதைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் பத்து கிளாஸில் சோர்பேயைப் போட்டுவிடுகிறார்கள். அது உருகத் தொடங்குகிறது. உருகுவதைப் பார்த்ததும் பதற்றம் வருகிறது. அந்தப் பதற்றத்தோடு, கிளாஸ்களைச் சுற்றி எல்லோரும் குனிந்து நிற்கும் மேசைக்கு நேர்மேலே, ஈரக்கையோடு ஒருவர் பாட்டிலைத் திறக்கிறார். கார்க் பறக்கும் பாதையில் இத்தனை முகங்களைக் கொண்டுவந்து நிறுத்தும் வேறொரு பானம் எனக்குத் தெரியவில்லை.

மேசையருகிலேயே ஏன் திறந்தீர்கள் என்று அந்தத் தம்பியிடமும், அவருக்குமுன் வந்தவரிடமும் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "முன்னாடியே திறந்து வெச்சா கேஸ் போயிடுமே." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போயிருக்கிறேன். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 750 மில்லிலிட்டர் ஷாம்பெயின் பாட்டிலில் ஏறக்குறைய 9 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. வெளியே வந்தால் அது சுமார் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். அதில் மிகப் பெரும்பங்கு வைனுக்குள் கரைந்து கிடக்கிறது. கார்க் கழன்றதும் உடனே வெளியேறுவது கழுத்துப் பகுதியில், வைனுக்கும் கார்க்குக்கும் இடையில் அடைபட்டிருந்த கொஞ்சம் வாயு மட்டுமே. கரைந்திருக்கும் வாயு அவ்வளவு எளிதில் வெளியே வராது. பாட்டிலின் கழுத்து குறுகலானது, வைன் குளிர்ந்திருக்கிறது, யாரும் அதைக் குலுக்கவில்லை என்றால் அது மெதுமெதுவாகத்தான் தப்பும். நன்றாகக் குளிர்ந்த பாட்டிலைத் திறந்து ஐஸ் வாளியில் நிறுத்திவைத்தால் கால் மணி நேரத்தில் நுரை போய்விடாது, அரை மணி நேரத்திலும் போய்விடாது. அழுத்தத்தைத் தாங்கும் மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் குடிக்கும்படியே இருக்கும். உண்மையில் கேஸைத் துரத்துவது எது என்று கேட்டால், சூடான பாட்டிலை டப்பென்று திறந்து கால்வாசி வைனை நுரையாகப் பொங்கவிடுவதுதான். அதற்கு அடுத்தபடியாக, சோர்பேயின்மேல் உயரத்திலிருந்து மளமளவென்று ஊற்றுவது. கேஸைக் காப்பாற்றுவதற்காகக் கடைசி நொடியில் திறக்கிறேன் என்பவர்கள், கேஸையும் இழந்து கண்ணையும் பணயம் வைக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: பாட்டில்கள் அனைத்தையும், சோர்பே ஃப்ரீசரைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, யாரும் இல்லாத ஓர் இடத்தில் திறந்துவிடுங்கள். ஒரு பாட்டிலில் ஆறு ஏழு கிளாஸ் வரும், எத்தனை பாட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். முதல் பாட்டிலைப் பொறுப்பாகத் திறப்பவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பேச்சும் சிரிப்புமாகத் திறக்கிறார்கள் என்பதை நான் பலமுறை கேட்டறிந்திருக்கிறேன். அந்த இரண்டாவது பாட்டில்தான் எங்களிடம் ஆள் அனுப்புகிறது.

"கார்க்தானே, பஞ்சு மாதிரி இருக்குமே" என்றும் சிலர் கேட்பதுண்டு. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5 முதல் 6 அட்மாஸ்பியர் அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தம் தள்ளினால் கார்க் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை போகக்கூடும். அந்த வேகத்தில் 60 சென்டிமீட்டர் தொலைவைக் கடக்க 0.03 நொடிகூட ஆகாது. இமை மூடுவதற்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். இதற்குமேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. கார்க்கின் அகலம் கண்குழிக்குள் நுழையும் அளவுதான் என்பதால், ஒரு பந்து பட்டால் எலும்பு வாங்கிக்கொள்ளும் அடியின் பெரும்பகுதியைக் கார்க் பட்டால் கண்ணே வாங்கிக்கொள்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்னறையில் ரத்தம் கட்டுவது, லென்ஸ் இடம்பெயர்வது, அடிபட்டதால் வரும் கண்புரை, விழித்திரை கிழிந்து பிரிவது, சில சமயம் கண்ணே பிளந்துவிடுவது என இவை எல்லாவற்றையும் இந்தச் சிறு பொருள் செய்யும். முன்பு கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் கண் தையல் போட்ட இடத்தில் எளிதில் பிளந்துவிடும். விருந்துக்கு வரும் பெரியவர்களில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், பாட்டில் திறக்கும் இடத்துக்கு அருகில் அவரை உட்காரவைக்கவே வைக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை. பாட்டிலைக் குறைந்தது மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 7 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரச் செய்யுங்கள். வெப்பம் ஏறினால் அழுத்தமும் ஏறும் என்பதால், விருந்தாளி காரின் பின்னால் வைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்த பாட்டிலை அப்படியே திறப்பது மிகவும் ஆபத்தான செயல். நேரம் இல்லையென்றால் வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீருமாக நிரப்பிக் கழுத்துவரை முழுகும்படி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் சேர்த்தால்தான் பாட்டில் முழுதும் குளிர்ச்சி பிடிக்கும். சோர்பே இருக்கிறதே என்று அதன் பக்கத்திலேயே பாட்டிலை ஃப்ரீசரில் நுழைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். ஃப்ரீசர் −18 டிகிரியில் இருக்கிறது. வைனோ −5, −6 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். உறையும்போது அது விரிந்து கார்க்கைத் தள்ளும், கண்ணாடியையும் விரிசல்விடச் செய்யும். அப்படி வெடித்த பாட்டிலின் சில்லு கருவிழியில் குத்தி வந்தவருக்கு நான் தையல் போட்டிருக்கிறேன்.

திறக்கும்போது கையையும் பாட்டிலின் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மேலுள்ள தாளை உரித்துவிட்டு, கார்க்கைக் கட்டிப்பிடித்திருக்கும் கம்பிக்கூட்டைத் தளர்த்தும் அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் தலையைவிட்டு அகலக் கூடாது. பல விபத்துகள் கம்பியைப் பிரித்தபின் கையை எடுத்து, துண்டு எங்கே, கிளாஸ் எங்கே என்று தேடும் இடைவெளியில்தான் நடக்கின்றன. கார்க் தானாகவே கிளம்பிவிடும். கம்பியின் வளையத்தை ஆறு அரைச்சுற்றுச் சுற்றினால் அது தளரும். தளர்த்திய கம்பியைக் கழற்றாமல் அதன்மேலேயே தடித்த துண்டைப் போர்த்தி இறுக்கிப் பிடியுங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யாரும் இல்லாத திசையைப் பார்க்க வையுங்கள். அந்த யாரும் என்பதில் உங்கள் முகமும் அடக்கம், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். கார்க் வெளியே வர முயலும்போது அதை இழுக்காமல் உள்நோக்கி அழுத்தம் கொடுத்து மெதுவாக விடுங்கள். சரியாகத் திறந்தால் ஒரு சிறு பெருமூச்சுப்போல 'உஸ்' என்று மட்டும் கேட்கும். டப்பென்ற சத்தம் வந்தால்தான் கொண்டாட்டம் என்று நினைக்கும் குடும்பத்தினரிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சத்தத்தை விட்டுக்கொடுங்கள். கார்க் இறுகிவிட்டது என்பதற்காகக் கார்க் திருகியைச் செருகாதீர்கள். கத்தியால் கழுத்தை வெட்டித் திறக்கும் வித்தையை வீட்டில் முயலவே முயலாதீர்கள்.

பாட்டில்கள் திறந்து ஐஸ் வாளிக்குள் பத்திரமாக நின்றபிறகு சோர்பேயை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் கரண்டி இறங்கும் அளவுக்கு இளகும். ஐஸ் துகள்களின் சொரசொரப்பு வைனிலிருந்து குமிழிகளைக் கிளப்பிவிடுவதால், சோர்பேயின்மேல் வைன் பட்டதும் நுரை விறுவிறுவென்று மேலே ஏறும். கிளாஸில் பாதி இடத்தையாவது காலியாக விட்டு, கிளாஸைச் சாய்த்து, பக்கச்சுவர் வழியாகச் சிறிது ஊற்றி, பத்துப் பதினைந்து நொடி பொறுத்து, நுரை இறங்கியபின் மீதியை ஊற்றுங்கள். சோர்பேயும் வைனும் கலந்து பால்போல வர வேண்டும் என்பவர்கள் திறந்த கிண்ணத்தில் முட்டை அடிக்கும் கம்பி விஸ்க்கால் கையாலேயே அடித்துக்கொள்ளலாம். மூடிய மிக்ஸி ஜாடியிலோ காக்டெயில் ஷேக்கரிலோ ஸ்பார்க்ளிங் வைனை ஊற்றி அடிக்கவே கூடாது. வாயு ஒரேயடியாக வெளியேறி மூடியைத் தூக்கி எறியும், அந்த மூடி போகும் உயரமும் முகத்தின் உயரம்தான்.

என் துறைக்கு வெளியே ஒரு வார்த்தை. பழ வாசனையும் இனிப்பும் சேர்ந்து இதில் மதுவின் சுவையை மறைத்துவிடும். மேசையில் விட்டுவைத்த கிளாஸைக் குழந்தைகள் ஐஸ்கிரீம் என்றே எடுப்பார்கள். குழந்தைகளுக்குச் சோடா ஊற்றியதை வேறு வடிவக் கிளாஸில் தனியாகக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடிபட்டுவிட்டால், அந்தப் பெண்மணி செய்ததைச் செய்யாதீர்கள். கண்ணை அழுத்தக் கூடாது, கசக்கக் கூடாது, ஐஸ் ஒத்தடம் கொடுப்பதாக நினைத்து எதையும் கண்ணின்மேல் ஊன்றக் கூடாது. கண் பிளந்திருந்தால் அந்த அழுத்தம் உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம், வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஒரு காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் பதியும்படி கவிழ்த்து ஒட்டுங்கள். படுக்கவைக்காமல் தலையை உயர்த்தி உட்காரவைத்து நேராகக் கண் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடக்கூடும். கண் சிவந்திருக்கிறது, பார்வை தெரிகிறதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருந்தாலும் முதல் நாள் பார்வை தெளிவாகவே இருக்கும்.

அந்தப் பெண்மணியின் முன்னறையில் கட்டிய ரத்தம் ஐந்தே நாளில் வடிந்துவிட்டது. முதல் சில நாட்களில் மறுபடி ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்பதால், தலையணையை உயர்த்திவைத்து, குனியாமல், எதையும் தூக்காமல் இருந்தார். பார்வையும் திரும்பிவிட்டது. ஆனால் ரத்தம் வடிந்தபின் பரிசோதனை லென்ஸ் வைத்துப் பார்த்ததில், கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணம் கால் சுற்றுக்குமேல் கிழிந்து பின்வாங்கியிருப்பது தெரிந்தது. இப்படிக் கிழிந்த கண்ணில், அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா அடுத்த மாதமும் வரலாம், இருபது ஆண்டு கழித்து வலியே இல்லாமலும் வரலாம். ஆகவே அவர் இனி வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். "நான் கூட்டிட்டு வரேன் டாக்டர்" என்று அவருடைய தம்பி சொல்லி, அடுத்த ஆண்டுக்கான தேதியைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.