எஸ்தோனியா: கூட்டணியில் சேர்ந்த பிறகும் விடாத கவலை

நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்தோனியா என்றாலே 2007-தான் நினைவுக்கு வரும். மக்கள்தொகை சுமார் 13 லட்சம், பக்கத்து வீடு ரஷ்யா. அந்த ஏப்ரல் கடைசியில், தலைநகர் தாலினில் இருந்த சோவியத் காலப் போர்வீரர் சிலையை அரசு இடம் மாற்றியது. தெருவில் கலவரம் வெடித்தது. இணையத்திலும், வேண்டாத டிராஃபிக்கைக் குவித்துத் தளங்களை முடக்கும் தாக்குதல் தொடங்கியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் என்று ஒவ்வொரு தளமாகத் திணறியது. ஓய்வதும் திரும்ப வருவதுமாக ஏறக்குறைய மூன்று வாரம்.

எஸ்தோனியா நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதலை எல்லோர் மீதும் நடந்ததாகக் கொள்ளும் பிரிவு 5, 1949-இல் எழுதப்பட்டது. சர்வரைச் சாய்ப்பது அதில் அடங்குமா? அடங்காது என்பதுதான் அன்றைய நிலை. பாதுகாப்பு அமைச்சர் யாக் ஆவிக்ஸோவே அதை வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த வகைத் தாக்குதலை வாசலில் நின்று தடுக்க முடியாது. வரும் டிராஃபிக் லைனையே அடைத்துவிட்ட பிறகு வேண்டாததை வடிகட்ட எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபயர்வாலும் வேடிக்கைதான் பார்க்கும். நமக்கு இணைப்புத் தருபவர், அவருக்குத் தருபவர் என்று மேலே மேலே போய் அங்கேயே வடிகட்டச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் நள்ளிரவில் போன் போட்டு "இந்த ஐபி முகவரிகளை பிளாக் பண்ணுங்க" என்றால் எந்த இன்ஜினியரும் கேட்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அறிமுகம் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

எஸ்தோனியாவுக்கு அது தற்செயலாக அமைந்தது. ஐரோப்பிய நெட்வொர்க் நடத்துநர்கள் கூடும் ரைப் மாநாடு அந்த மே மாதம் தாலினிலேயே நடந்தது. வந்தவர்களில் சிலர் அந்நாட்டு இணைய அவசரக் குழுவோடு உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த நெட்வொர்க்குகளிடம் சொல்லித் தாக்கும் முகவரிகளை அங்கங்கேயே அடைக்கவைத்தார்கள்.

அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்த முறையும் இருக்க முடியாது என்று எஸ்தோனியர்கள் புரிந்துகொண்டதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். 2008-இல் நேட்டோ அங்கீகாரம் பெற்ற சைபர் பாதுகாப்பு மையம் தாலினிலேயே அமைந்தது. 2010 முதல் அது நடத்தும் 'லாக்ட் ஷீல்ட்ஸ்' என்ற சைபர் தற்காப்புப் பயிற்சியில் பல நாட்டு இன்ஜினியர்கள் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். அறிமுகம் தானாக ஏற்படுகிறது. 2014 வேல்ஸ் உச்சிமாநாட்டில், சைபர் தாக்குதலுக்கும் பிரிவு 5 பொருந்தலாம் என்று நேட்டோ அறிவித்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் இரண்டாண்டு இடம் கிடைத்தபோதும் எஸ்தோனியா இதை விடவில்லை. 2021 ஜூனில் தன் தலைமையில் சைபர் பாதுகாப்பு பற்றி முறையான விவாதத்தையே நடத்தியது. அந்தச் சபையில் இந்தப் பொருளுக்கு அதுதான் முதல் முறை.

இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கவில்லை. நேட்டோவுடன் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பி ஒன்பது வீரர்களை இழந்த நாடு அது. கேட்டதெல்லாம் கிடைக்கவும் இல்லை: 2007 விசாரணைக்கு ஒத்துழைக்க ரஷ்யா மறுத்துவிட்டது, தண்டனை என்று பார்த்தால் உள்ளூர் மாணவர் ஒருவருக்கு விதித்த அபராதம்தான்.

கூட்டணிகள் மீது அவர்களுக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்பதற்கு 1939-ஐப் பார்க்க வேண்டும். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தில் எஸ்தோனியா உறுப்பினர், கொள்கையில் நடுநிலை. செப்டம்பரில் சோவியத் மிரட்டலுக்குப் பணிந்து ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்தது. அடுத்த ஜூனில் நாடே பறிபோனது. திரும்பக் கிடைத்தது 1991-இல்.

அதனால்தானோ என்னவோ, நேட்டோவும் ஐரோப்பிய ஒன்றியமும் பின்னால் இருந்தும் 2017-இல் லக்சம்பர்க்குடன் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மக்கள்தொகைப் பதிவு, நிலப் பதிவு போன்ற முக்கியமான அரசு ஆவணங்களின் நகல் அங்குள்ள டேட்டா சென்டரில் இருக்கிறது. தூதரகத்துக்கு உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்பு அந்த சர்வர்களுக்கும் உண்டு. தாலினே கைவிட்டுப் போனாலும், எந்த நிலம் யாருடையது என்ற கணக்கு எஸ்தோனிய அரசிடம் இருக்கும்.