மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘வளையம்’ என்று இருந்தால் அது புற்றுநோய்தானா?

முதன்முறையாக வலிப்பு வந்த ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அறிக்கையில் ‘வளைய வடிவில் ஒளிரும் கட்டி’ என்ற ஒரு வரி இடம்பெற்றுவிட்டால், பல குடும்பங்கள் அன்றே அதைப் புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடுகின்றன. சென்னையில் ரேடியாலஜிஸ்டாகப் பணியாற்றும் நான் இந்த அவசரத்தை அடிக்கடி பார்க்கிறேன். மூளையிலேயே தோன்றும் கிளையோபிளாஸ்டோமாவும், நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றும் அப்படித் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் காசநோய்க் கட்டி, பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போவதால் மூளையில் உண்டாகும் புழுக்கட்டி, சீழ்க்கட்டி ஆகியவையும் அதே தோற்றத்தில்தான் வருகின்றன.

வளையம் ஒளிர்வதற்குக் காரணம், கையில் இரத்த நாளம் வழியாகச் செலுத்தப்படும், காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. நலமான மூளையில் இரத்தக் குழாய்ச் சுவரின் இறுக்கமான தடுப்பைத் தாண்டி இம்மருந்து வெளியே கசிவதில்லை. அத்தடுப்பு சிதைந்த இடத்தில் மட்டும் கசிந்து, படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. ஆகவே ஒளிர்வு என்பது தடுப்பு சிதைந்திருப்பதைச் சொல்லுமேயன்றி, சிதைத்தது யார் என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு வகைப் படங்கள் தேவை. நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃபியூஷன் படத்தில், கெட்டியான சீழுக்குள் நீர் அசைய முடியாததால் சீழ்க்கட்டியின் நடுப்பகுதி பளிச்செனத் தெரியும்; புற்றுக்கட்டியின் அழுகிய நடுப்பகுதி பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. வளையத்துக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தென்பட்டால் ஐயம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃபியூஷன் படத்தில் தீவிரப் புற்றுக்கட்டிகளின் விளிம்பு மிகுதியான இரத்த அளவைக் காட்டும். தொற்றுக் கட்டிகளில் அது பொதுவாகக் குறைவு. வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் கோலின் உயர்ந்து, என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் தாழ்ந்திருந்தால் புற்றுக்கட்டியின் பக்கம் ஐயம் சாயும்; கொழுப்பின் அலை ஓங்கியிருந்தால் காசநோய்க் கட்டியை நினைப்போம், ஆனால் அழுகிய புற்றிலும் அந்த அலை வரும் என்பதால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுதுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும், கட்டி புற்றுதான் என்ற ஐயம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனையைத் தவிர்ப்பது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, கிளையோபிளாஸ்டோமா உள்ளிட்ட மூளைக்கட்டிக் குடும்பமான கிளையோமாக்களுக்குப் பெயரிடவே ஐ.டி.ஹெச். போன்ற மரபணுக்களின் நிலை தெரிய வேண்டும். அதைப் படம் ஊகிக்கலாம், உறுதிசெய்ய முடியாது. இதற்கிடையே, தலைவலி தணியட்டும் என்று மருத்துவரைக் கேளாமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்குவது ஆபத்து, ஏனெனில் மூளை லிம்ஃபோமா என்ற ஒருவகைப் புற்று அதனால் தற்காலிகமாகச் சுருங்கி, எடுத்த திசுவிலும் விடை கிடைக்காமல் செய்துவிடும்.

செலவை மிச்சப்படுத்த ‘ஊசி இல்லாமல் எடுங்கள்’ என்று கேட்போர் உண்டு. கட்டி என்ற ஐயம் இருக்கும்போது அது இரண்டாம் முறை ஸ்கேன் எடுப்பதில்தான் பெரும்பாலும் முடிகிறது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அளவைக் காட்ட வேண்டும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் பொருத்திய கிளிப் ஆகியவற்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மூக்குத்தி, மெட்டி, அரைஞாணில் கோத்த தாயத்து, புடவையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுவது நல்லது.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிடாமல் தனியாகப் படிப்பது கடினம். அறுவை முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஒரு படம் எடுப்பது, மிச்சமிருக்கும் கட்டியையும் பின்னர் ஆறும் தழும்பின் ஒளிர்வையும் பிரித்தறியவே. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த முதல் மூன்று மாதங்களில், கட்டி வளராமலேயே வளர்ந்ததுபோல் படம் காட்டுவதுண்டு. எனவே அரசு பொது மருத்துவமனைக்குப் போனாலும், அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனாலும், தட்டச்சு செய்த அறிக்கையோடு பழைய ஸ்கேன்களின் சி.டி. அனைத்தையும் தேதி வரிசைப்படி எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் பிடித்த ஃபிலிமின் புகைப்படத்தை வைத்து நாங்கள் எதையும் அளக்க முடியாது.