ஏரியில் விட்டாலும் அளந்து விடு: அமெரிக்காவின் பாஸ் மீன் விதிகள்

தூண்டிலில் பெரியவாய் பாஸ் (largemouth bass) என்ற நன்னீர் வேட்டை மீன் ஒன்று, 13 அங்குல நீளத்தில், சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸின் பொதுவிதி மட்டும் உள்ள ஏரியில் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் குற்றம். அதே டெக்சாஸில் லேக் ஃபோர்க் ஏரியில் என்றால் தாராளமாகக் கொண்டுபோகலாம். அடுத்து 17 அங்குல மீன் ஒன்று சிக்குகிறது. பொதுவிதி ஏரியில் அதை எடுக்கலாம், லேக் ஃபோர்க்கில் எடுத்தால் அபராதம். ஃப்ளோரிடாவில் இந்த இரண்டையுமே எடுக்கலாம். ஆனால் அன்றைக்கே இன்னொரு 17 அங்குல மீன் மாட்டினால் அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

முதல்முறை படிப்பவருக்கு இது அதிகாரிகளின் கிறுக்குத்தனமாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அந்த ஏரியைப் பற்றிய ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறி, வார இறுதியில் தூண்டிலோடு கிளம்பும் நம்மவர்கள் பலர் கேட்பது இரண்டே கேள்விதான்: "எத்தனை எடுக்கலாம்? முன்பு போல ஏன் மாட்டுவதில்லை?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உரிமம். நன்னீர் மீன்பிடிப்பை அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலங்களே ஆள்கின்றன. எனவே உரிமமும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. டெக்சாஸில் வாங்கியது ஓக்லஹோமாவில் செல்லாது. அந்த மாநிலத்தில் வசிப்பவருக்குக் கட்டணம் குறைவு, வெளியாருக்கு அதிகம். சிறுவர்களுக்கு விலக்கு உண்டு. ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் 16 வயது நிரம்பாதவர்களுக்கும், டெக்சாஸில் 17 நிரம்பாதவர்களுக்கும் உரிமம் வேண்டாம். பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க உரிமமே தேவையில்லை. ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை அந்த மாநிலம் முழுவதற்கும் இலவச மீன்பிடி நாள். ஆனால் உரிமத்துக்குத்தான் விலக்கு, அளவுக்கும் எண்ணிக்கைக்கும் விலக்கு இல்லை. பூங்காவில் பிடித்தாலும் குழந்தை பிடித்தாலும் வரம்பு வரம்புதான்.

எண்ணிக்கை வரம்பு எளிது. டெக்சாஸில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து பாஸ் எடுக்கலாம். பெரியவாய், சிறியவாய், புள்ளி பாஸ், அந்த மாநிலத்தின் அடையாள மீனான குவாடலூப்பே பாஸ் எல்லாம் சேர்த்துத்தான் ஐந்து. வகைக்கு ஐந்து என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். கையிருப்பு வரம்பு என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே அது நாள் வரம்பின் இரு மடங்கு. மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினாலும் பதினைந்து மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்ப முடியாது.

நீள வரம்புதான் குழப்பும். அதில் மூன்று மாதிரி இருக்கிறது.

முதலாவது குறைந்தபட்ச நீளம். டெக்சாஸின் பொதுவிதியில் பெரியவாய் பாஸுக்கு 14 அங்குலம். ஒரு மீன் அந்த நீளத்தை எட்டுவதற்குள் ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும் என்பது கணக்கு. குஞ்சுகள் குறைவாகவும் பிடிப்பவர்கள் அதிகமாகவும் உள்ள ஏரிக்கு இது பொருத்தம்.

இரண்டாவது, பெரிய மீனுக்கு மட்டும் கடிவாளம். ஃப்ளோரிடா 2016 ஜூலையில் மாநிலம் முழுவதும் இதற்கு மாறியது. ஐந்து மீன் எடுக்கலாம், அவற்றில் 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பெரியவாய் பாஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். சிறிய மீனுக்குக் கீழ்வரம்பே இல்லை. "குஞ்சைப் பிடித்தால் பாவம்" என்று வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஆங்கிலத்தில் ஸ்லாட் என்பார்கள். இடைநீள வரம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பெரியவாய் பாஸை எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே எடுக்கலாம். 24க்கு மேல் ஒன்று எடுக்கலாம். நடுவயது மீன்கள் அத்தனைக்கும் காவல். டெக்சாஸின் மாநிலச் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் சிக்கியது.

பலர் தவறவிடும் பாதி இங்கேதான் இருக்கிறது. இடைநீள வரம்பு என்பது வெறும் தடை அல்ல, அழைப்பும்கூட. 16 அங்குலத்துக்குக் கீழே உள்ளதை எடுத்துப்போய்ச் சாப்பிடுங்கள் என்று அந்த விதி கேட்கிறது. ஏரியில் இரை அளவோடுதான் இருக்கும். சிறிய பாஸ்கள் நெருக்கியடித்தால் எல்லாமே அரைவயிற்றோடு நின்று, தலை பெருத்து உடல் மெலிந்து, காவல் வட்டத்துக்குள் நுழைவதற்கே ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சிறியவற்றில் கொஞ்சம் குறைந்தால்தான் மிச்சம் உள்ளவை கொழுக்கும். களையெடுக்காத பயிர் கதைதான்.

ஆனால் பாஸ் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் இன்று எதையும் எடுப்பதே இல்லை. 1972இல் பாஸ் போட்டிகளை நடத்திய அமைப்பு பிடித்ததை உயிரோடு திருப்பி விடச் சொல்லித் தொடங்கிவைத்தது, அரை நூற்றாண்டில் ஒரு மதமாகவே ஆகிவிட்டது. ஓர் 11 அங்குல மீனைப் பெட்டியில் போடுபவரைப் படகுத்துறையில் முறைத்துப் பார்ப்பார்கள். சட்டம் எடுக்கச் சொல்லும் மீனை எடுத்தவர் குற்றவாளிபோல் கூசி நிற்கிறார். விட்டவர் புண்ணியவான். யாரும் சிறியதை எடுக்காவிட்டால் இடைநீள வரம்பு காகிதத்தில் மட்டும்தான் வேலை செய்யும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஏரியில் விடுவதற்கும் அது பொருந்தும்.

சாப்பிடுவதற்கும் சிறியதுதான் நல்லது. பாஸ் வேட்டை மீன் என்பதால், வயது ஏற ஏற உடம்பில் பாதரசம் சேரும். மாநிலச் சுகாதாரத் துறைகள் எந்த ஏரி மீனை வாரத்துக்கோ மாதத்துக்கோ எத்தனை முறை உண்ணலாம் என்று அறிவிப்பு வெளியிடுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி அளவு இருக்கும். குழம்பு வைப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்றால் மீன் ஏன் மாட்டுவதில்லை?

ஏரியில் மீன் குறைவதும் தூண்டிலில் மாட்டுவது குறைவதும் ஒன்றல்ல. இலினாயில் ரிட்ஜ் லேக் என்ற சிறிய ஆய்வு ஏரியில் 1970களில் ஒரு சோதனை தொடங்கியது. பிடித்த ஒவ்வொரு பாஸையும் அளந்து, அடையாளமிட்டு, திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து ஏரியை வடித்துப் பார்த்தபோது கிடைத்தவை 1,700க்கும் மேற்பட்ட மீன்கள். அவற்றில் சுமார் 200 மீன்கள் அந்த நான்கு ஆண்டும் அங்கேயே இருந்தும் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. இன்னொரு பக்கம், ஒரே ஆண்டில் 16 முறை மாட்டிய அப்பாவியும் ஒன்று இருந்தது. அடிக்கடி மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்ய வைத்து, மூன்று தலைமுறை பார்த்தார்கள். மாட்டும் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கியிருந்தது. 2009இல் முடிவுகள் வெளிவந்தன.

மீன்பிடி அழுத்தம் என்பதன் பொருள் இங்கேதான் விரிகிறது. ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருக்கிறது என்பதுதான் அந்த அழுத்தத்தின் அளவு. துணிச்சலாகப் பாய்ந்து கடிக்கும் மீன் முதலில் மாட்டும். அடிபட்டவை இரையைக் கண்டு தயங்கும். மிச்சம் இருப்பவை சந்தேகப் பிராணிகள். மாநில மீன்வளத் துறையினர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கி எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை பழையபடியே இருக்கலாம், கரையில் இருப்பவர் வெறுங்கையோடு திரும்பலாம். இரண்டு கணக்கும் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அவர்கள் படகுத்துறையில் நின்று "எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை சிக்கியது" என்றும் கேட்கிறார்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒன்றும் மாட்டவில்லை என்பதும் அவர்களுக்குத் தேவையான தகவல்தான்.

2018இல் சந்தைக்கு வந்த, படகுக்கு முன்னால் நீந்தும் ஒற்றை மீனைக்கூடத் ஒலி அலையால் கண்டுபிடித்துத் திரையில் அசையும் படமாகக் காட்டும் சோனார் கருவி இந்த அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறது என்பது என் எண்ணம். ஒளிய இருந்த ஆழத்தையும் அது பறித்துவிட்டது. பழி எல்லாம் தூண்டில்காரர்களுக்கும் அல்ல. புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் மூழ்கிய மரமும் புல்லும் மட்கி முதல் சில ஆண்டுகள் மீன் கொழிக்கும். பிறகு மரங்கள் இற்று, வண்டல் படிந்து, அந்தச் செழிப்பு வடியும். அந்தப் பொற்காலத்தை நினைத்து இன்றைய ஏரியைத் திட்டுபவர்கள் பலர். 1995இல் தெற்குக் கரோலினாவில் ஒரு நீர்த்தேக்கத்தில் முதலில் தெரியவந்த பெரியவாய் பாஸ் வைரஸும் தெற்கு மாநில ஏரிகள் பலவற்றில் பெரிய மீன்களைக் கொன்றது.

விட்ட மீன் எல்லாம் பிழைக்கும் என்பதும் இல்லை. கோடை வெக்கையில் படகுத் தொட்டியில் பல மணி நேரம் வைத்து, போட்டி எடைபோட்டு, புகைப்படம் எடுத்து விடும் மீனில் ஒரு பங்கு இரண்டொரு நாளில் செத்து மிதக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால் அதனால் கீழே இறங்கவே முடியாது.

முட்டையிடும் காலத்தில் சேதம் வேறு மாதிரி. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வசந்தத்தில் ஆண் மீன் கரையோரம் கூடு தோண்டி, பெண் முட்டையிட்டுப் போனபின், தின்னாமல் கொள்ளாமல் காவல் நிற்கும். அதைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடத்தில் புளூகில் என்ற சிறிய மீன்கள் கூட்டமாக வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அந்த ரிட்ஜ் லேக் வம்சத்து மீன்களிலேயே பின்னால் பார்த்தார்கள்: எளிதில் மாட்டும் ஆண்கள்தான் பொறுப்பான தகப்பன்கள். நெருங்கியது எதுவானாலும் பாய்வது அவற்றின் குணம், தூண்டிலில் மாட்டுவதும் அதனால்தான். வடக்கு மாநிலங்கள் சிலவற்றில் வசந்தத்தில் பாஸை எடுப்பதற்குத் தடை இருப்பதன் காரணம் இது. தெற்கில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கூடு கண்ணில் பட்டால் தள்ளிப்போவது நம் விருப்பம்தான்.

இந்தக் கணக்கெடுப்புக்கும் குஞ்சு விடுவதற்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு நம் பையிலிருந்துதான், தெரியாமலே. 1950இல் வந்த டிங்கெல்–ஜான்சன் சட்டப்படி தூண்டில், சுருள், செயற்கை இரை போன்றவற்றின் மீது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ 10 சதவீதம் மத்திய வரி கட்டுகிறார். கடை விலையில் அது ஒளிந்திருக்கும். 1984 திருத்தம் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் சேர்த்தது. சேர்ந்த தொகை மாநிலங்களுக்குப் பிரிகிறது: 60 சதவீதம் உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்து, 40 சதவீதம் நில நீர்ப் பரப்பை வைத்து. ஒரு பணிக்கு ஆகும் செலவில் 75 சதவீதம் வரை மத்திய நிதி, மிச்சம் மாநிலத்தின் பங்கு. உரிமக் கட்டணத்தை வேறு துறைக்குத் திருப்பினால் இந்த நிதிக்கு மாநிலம் தகுதி இழக்கும். ஆக, ஒருவர் உரிமம் வாங்காமல் ஏமாற்றினால் மாநிலத்துக்கு இரட்டை நட்டம்.

எல்லா நாட்டிலும் விடுவது நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானின் பிவா ஏரிக்கு பாஸ் அந்நிய மீன், அங்குள்ள நாட்டு மீன்களுக்கு எமன். ஷிகா மாகாணத்தின் விதி 2003 முதல் அங்கே பிடித்த பாஸைத் திரும்ப விடுவதையே தடை செய்கிறது. 1932இல் ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் உலகச் சாதனையை 2009இல் சமன் செய்த மீன் அதே பிவாவில் மாட்டியதுதான் வேடிக்கை.

அளக்கும் முறைக்கு வருவோம், அபராதம் பெரும்பாலும் இங்கேதான். டெக்சாஸில் மீனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயை மூடி, வாலை ஒன்றாகக் குவித்து, முழு நீளம் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து வைத்தால் நீளம் தப்பாக வரும். நீள வரம்பு உள்ள மீனை ஏரியில் இருக்கும்போதே தலை வால் வெட்டித் துண்டு போடாதீர்கள். விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான வார்டன் வந்து கேட்டால் நீளத்தை நிரூபிக்க வழி இருக்காது. மாநில விதிப் புத்தகத்தில் பொதுவிதிக்குக் கீழே ஏரிவாரியான விலக்குகள் நீளமாகப் போகும். நம் ஏரி அதில் இருந்தால் பொதுவிதியை மறந்துவிட வேண்டியதுதான். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் நண்பர் சொன்ன எண்ணை நம்பாமல் நடப்பு ஆண்டுப் பதிப்பைப் பாருங்கள்.

அதிர்ஷ்டம் அடித்து டெக்சாஸில் 13 பவுண்டோ அதற்கு மேலோ ஒரு பெரியவாய் பாஸ் ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் மாட்டினால், விடவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். 1986 முதல் நடக்கும் ஷேர்லங்கர் திட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் ஆள் வந்து மீனை இரவலாக வாங்கிப்போவார்கள். பண்ணையில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை மாநில ஏரிகளில் விடுவார்கள். பிடித்தவருக்குச் சுவரில் மாட்ட அச்சு அசலான மாதிரி ஒன்று கிடைக்கும். மீன் தன் ஏரிக்கே திரும்பிவிடும்.