நெட் வரட்டும் என்று லேப்டாப்பைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்த வருடம் இது மூன்றாவது பள்ளி. இருபது லேப்டாப்பில் பதினைந்து பீரோவுக்குள். வெளியே இருக்கும் ஐந்துக்கும் பாடத்தைக் கொண்டுபோவது ஒரே பென்டிரைவ், கூடவே வைரஸையும். கேட்டால், "நெட் கனெக்‌ஷன் வரட்டும் சார், எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்கிறார்கள்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. எத்தனை முறை சொல்வது! வைஃபை என்பது மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் ரேடியோ. இன்டர்நெட் ரவுட்டருக்குப் பின்னால் கேபிளில் வருவது. கேபிளைப் பிடுங்கினாலும் ரேடியோ நிற்காது. ஆபீஸுக்குள் இன்டர்காமில் பேச வெளி லைன் வேண்டுமா? இதுவும் அப்படித்தான்.

அன்று என் பையிலிருந்த பழைய ரவுட்டரைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்து ஆன் செய்தேன். 'இன்டர்நெட் இல்லை' என்று திரையில் வந்ததும் ஒரு சிறுமி கனெக்‌ஷனைத் துண்டிக்கப் போனாள். "விடும்மா, அது நமக்கு வேண்டாம்" என்றேன். ஐந்து நிமிடத்தில் அவள் வரைந்த மயில் கடைசி பெஞ்ச் லேப்டாப்பில் திறந்தது. நெட் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு மெஷினில் ஏற்றிவிட்டால், மற்றவற்றின் பிரவுசரில் அதையும் படிக்கலாம்.

இது புதிதும் அல்ல. 2007-இல் உற்பத்திக்கு வந்த 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் எக்ஸ்ஓ மெஷினுக்குப் பச்சை நிறத்தில் இரண்டு காதுகள், அவைதான் ஆன்டெனா. ரவுட்டரே இல்லாமல் பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கும். நடுவில் இருப்பது தகவலை அடுத்ததற்குக் கைமாற்றும். மெஷ் என்போம். தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும் கிராமத்துக்கு அருமையான யோசனை. ஆனால் ஒரே வகுப்பறையில் நிறைய மெஷின்கள் சேர்ந்தால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்புகளிலேயே சேனல் அடைத்துக்கொண்டது. அதனால்தான் வகுப்பறைக்கு ரவுட்டர் வையுங்கள் என்கிறேன்.

அப்புறம், 'நெட்தான் இல்லையே, பாதுகாப்பு எதற்கு' என்பவர்களுக்கு. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், லோக்கல் நெட்வொர்க்குக்குள்ளேயே மெஷினுக்கு மெஷின் தாவியது. முதலில் ஓர் இணைய முகவரியைத் தொட்டுப் பார்க்கும். பதில் கிடைத்தால் நின்றுவிடும். நெட் இல்லாத இடத்தில் பதில் ஏது? ஃபைல்களைப் பூட்டிவிடும். அது புகுந்த வாசல் எஸ்எம்பி 1, விண்டோஸ் மெஷின்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை. ஷேரிங் வரவில்லை என்று அதை ஆன் செய்துவிட்டுப் போகும் டெக்னீஷியன்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

ரவுட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபைக்கும் பாஸ்வேர்டு போடுங்கள். சி டிரைவை முழுசாக ஷேர் செய்யக் கூடாது. பாடத்துக்கு ஒரு ஃபோல்டர், பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி, அவ்வளவுதான். அவ்வப்போது லேப்டாப்புகளை நெட் இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போய் அப்டேட் செய்யுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் சமாளிப்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதில் சில மெஷின்களைத்தான் சேர்க்க முடியும்.

பூட்டிய பதினைந்தில் நான்கின் பேட்டரி ஏற்கெனவே செத்துவிட்டது. மிச்சத்தையாவது இந்த வாரமே வெளியே எடுத்து சார்ஜில் போடுங்கள் சார்.