பெயர் ஒன்று, கோப்பு இரண்டு: கோபோல் நிரல்களுக்கிடையே திறந்த கோப்பைப் பகிர்தல்

கோபோல் என்னும் நிரல்மொழியில் எழுதிய தொகுப்பு (பேட்ச்) ஓட்டம் ஒன்றின் பிழைப்பட்டியலில் வரிகள் காணாமற்போகின்றன என்று சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார்கள். முதன்மை நிரல் பதிவுகளைச் சரிபார்த்து, பிரிவுத் தலைப்புகளையும் மொத்தங்களையும் பட்டியல் கோப்பில் எழுதுகிறது. தவறான பதிவு வந்தால் ஒரு துணைநிரலைக் கால் செய்கிறது, அதாவது அழைக்கிறது. அந்தத் துணைநிரல் அதே பட்டியலில் பிழை வரியை எழுத வேண்டும். மூல நிரலைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு நிரல்களிலும் கோப்பைப் பெயரிட்டு வெளிக்கோப்போடு இணைக்கும் செலக்ட் வரி ஒன்றே, அதன் பதிவை விவரிக்கும் எஃப்டி ஒன்றே, பெயரும் ஒன்றே. கோப்பை நிரல்களுக்கிடையே பொதுவாக்கும் எக்ஸ்டர்னல் என்னும் சொல் மட்டும் எங்குமே இல்லை. முதன்மை நிரல் கோப்பை ஓப்பன் அவுட்புட் (புதிதாக எழுத) என்று திறந்து வைத்திருக்க, துணைநிரல் தன் பங்குக்கு ஓப்பன் எக்ஸ்டெண்ட் (இறுதியில் சேர்க்க) என்று திறந்திருக்கிறது. துணைநிரல் எழுதிய வரிகளின் மேலேயே முதன்மை நிரல் தன் வரிகளை எழுதிச் சென்றிருக்கிறது. இந்தப் பிழையை இந்த ஆண்டில் மட்டும் நான்கு இடங்களில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றே என்ற எண்ணம்தான் இங்கே வேர். அது தவறு. வட்டில் இருக்கும் கோப்பு ஒன்றுதான், ஐயமில்லை. ஆனால் ரீட், ரைட் கட்டளைகள் வட்டுக் கோப்போடு நேரடியாகப் பேசுவதில்லை. நிரல் ஒரு கோப்பை அறிவிக்கும்போது அதற்கென ஓர் இணைப்பு உருவாகிறது; கோபோல் மொழியின் தர ஆவணம் அதனை ஃபைல் கனெக்டர் என்கிறது. கோப்பு திறந்திருக்கிறதா, எந்த முறையில் திறக்கப்பட்டது, அடுத்த பதிவு எந்த இடத்தில், பஃபர் என்னும் இடைக்கால நினைவகத்தில் என்ன தேங்கியிருக்கிறது என்பவை யாவும் அந்த இணைப்பில்தான் இருக்கின்றன. தனித்தனியாகக் கம்பைல் செய்த இரண்டு நிரல்களில் ஒரே எஃப்டியை எழுதினால் இரண்டு இணைப்புகள் உருவாகின்றன. ஒன்றின் இருப்பிடம் மற்றதற்குத் தெரியாது, ஒன்றின் பஃபரில் இருப்பதை மற்றது அறியாது. ஒரே காப்பிபுக்கிலிருந்து (பல நிரல்களில் சேர்க்கும் பொது மூல வரிகள்) இரண்டு நிரல்களும் எடுத்துக்கொள்கின்றனவே என்று வாதிடுகிறார்கள். காப்பிபுக் மூல வரிகளைத்தான் நகலெடுக்கிறது, இணைப்பைப் பகிர்வதில்லை. இரண்டாவது ஓப்பனைச் சில தளங்கள் 61 என்ற நிலைக்குறியுடன் மறுத்துவிடும், அது நல்லூழ். வேறு சில தளங்கள் அமைதியாக அனுமதித்துவிடும்.

இதற்கான தீர்வு 1985-ஆம் ஆண்டுக் கோபோல் தரத்திலேயே வந்துவிட்டது. எஃப்டி பட்டியல்-கோப்பு இஸ் எக்ஸ்டர்னல் என்று, அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு நிரலிலும் எழுதுங்கள். ஒரே ரன் யூனிட்டுக்குள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஓடும் நிரல்களுக்குள், அந்தப் பெயரில் இணைப்பு ஒன்றே ஒன்றாக இருக்கும், ஒரு நிரல் திறந்ததை மற்றொன்று அப்படியே பயன்படுத்தலாம். செலக்ட் வரியும் பதிவு நீளமும் எல்லா நிரல்களிலும் பொருந்தியிருக்க வேண்டும். காப்பிபுக் உண்மையில் உதவுவது இங்கேதான். ஒவ்வொரு கோப்புச் செயலின் விளைவையும் இரண்டு எழுத்து நிலைக்குறியாகத் தரும் ஃபைல் ஸ்டேட்டஸ் மாறியையும், நிரலின் மாறிகள் இருக்கும் வொர்க்கிங்-ஸ்டோரேஜில் 01 என்னும் மேல்நிலையில் எக்ஸ்டர்னலாக அறிவித்து, எல்லா நிரல்களிலும் அதே பெயரை வையுங்கள். துணைநிரல்கள் முதன்மை நிரலின் மூலத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால், உள்ளடங்கிய நிரல்களுக்கும் கோப்பைத் தெரியவைக்கும் குளோபல் என்னும் சொல் போதும். தனித்தனி ஜாப்களாக (வேலைகளாக) ஓடும் இரண்டு நிரல்களுக்கு எக்ஸ்டர்னலால் எந்தப் பயனும் இல்லை.

எக்ஸ்டர்னல் சேர்த்த பிறகும் அந்த இடத்திலிருந்து இரண்டு நாளில் மீண்டும் அழைப்பு வந்தது: இப்போது பிழை வரிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, பிரிவு மொத்தங்களில் சில மட்டும் சிதைந்திருக்கின்றன. இணைப்போடு சேர்ந்து பதிவுப் பரப்பும் (எஃப்டியின் கீழ்ப் பதிவு வைக்கப்படும் நினைவகம்) பொதுவாகிவிட்டது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதன்மை நிரல் மொத்த வரியை எஃப்டியின் கீழுள்ள பதிவிலேயே பாதி நிரப்பிவிட்டு, இடையில் ஒரு சரிபார்ப்புக்காகத் துணைநிரலைக் கால் செய்தது. துணைநிரல் பிழை வரியை அதே பதிவில் இட்டு எழுதிவிட்டுத் திரும்பியது. மீதிப் பாதியை முதன்மை நிரல் நிரப்பி ரைட் செய்தபோது அந்த வரியின் முன்பகுதியில் இருந்தது பழைய பிழைச்செய்தி. பகிரப்பட்ட கோப்பின் பதிவுப் பரப்பில் வரியைக் கட்டவே கட்டாதீர்கள். ஒவ்வொரு நிரலும் தன் வொர்க்கிங்-ஸ்டோரேஜில் வரியைக் கட்டி, அதை நகலெடுத்து எழுதும் ரைட் ஃப்ரம் மூலம் ஒரே அடியில் எழுதட்டும். படிக்கும்போதும், படித்ததைச் சொந்த மாறிக்கு நகலெடுக்கும் ரீட் இன்டூ பயன்படுத்துங்கள்.

திறப்பதும் மூடுவதும் ஒரே நிரலின் பொறுப்பு. யார் முதலில் வருகிறாரோ அவர் திறந்துகொள்ளட்டும் என்று விட்டால் 41, 42 என்னும் நிலைக்குறிகள் மாறி மாறி வரும். முன்னது திறந்ததை மீண்டும் திறந்ததற்கு, பின்னது மூடியதை மீண்டும் மூடியதற்கு. திறக்காமலே எழுதினால் 48. திறந்திருக்கிறதா என்பதற்கு எக்ஸ்டர்னல் கொடி (ஆம், இல்லை என்று குறிக்கும் மாறி) ஒன்றை வைத்தே ஆகவேண்டுமென்றால், அதற்கு வேல்யூ மூலம் தொடக்க மதிப்புக் கொடுக்க 85 தரம் இடந்தரவில்லை என்பதை நினைவில் வைத்து, முதன்மை நிரலின் முதல் வரிகளிலேயே மதிப்பை இடுங்கள். அழைத்த நிரலை நினைவிலிருந்து விடுவிக்கும் கேன்சல் கட்டளை, அந்த நிரலின் சொந்தக் கோப்புகளை மூடிவிடும், எக்ஸ்டர்னல் கோப்பை மூடாது. அதை நம்பி க்ளோஸை விட்டுவிடாதீர்கள். துணைநிரலில் ஸ்டாப் ரன் (முழு ஓட்டத்தையும் நிறுத்தும் கட்டளை) எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஃபைல் ஸ்டேட்டஸ் மாறியை அறிவித்துவிட்டு அதைப் பாராமல் விடுவது, அறிவிக்காமல் இருப்பதைவிடக் கேடானது. பல கம்பைலர்களில், அறிவிக்காவிட்டால் பிழை வந்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிடும். அறிவித்துவிட்டால், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்பி நிரலைத் தொடரவிடும். ஒவ்வொரு ஓப்பனுக்கும் ரைட்டுக்கும் பின் அந்த இரண்டு எழுத்துகளைச் சோதியுங்கள், தயவுசெய்து.

அழைக்கும் நிரல் தரும் அளபுருக்களைப் பெறும் லிங்கேஜ் செக்‌ஷன் வழியாகக் கோப்பையே அனுப்ப முடியாதா என்று கேட்கிறார்கள். பதிவை அனுப்பலாம், தரத்தின்படியான கோபோலில் திறந்த கோப்பை மற்றொரு கோபோல் நிரலுக்கு அளபுருவாகத் தர வழியில்லை. அந்த விருப்பத்துக்கு மிக அருகில் வருவது, கோப்பை ஒரே ஒரு துணைநிரலுக்குள் அடைத்து, திற, எழுது, மூடு என்னும் செயற்குறியையும் எழுதவேண்டிய வரியையும் மற்றவை அதற்கு அனுப்புவது. அந்தத் துணைநிரல் எக்ஸிட் புரோகிராம் மூலம் திரும்பினாலும் அதன் கோப்பு திறந்தபடியே இருக்கும், ஒவ்வோர் அழைப்பிலும் நிரலைப் புதிதாகத் தொடங்கச் செய்யும் இனிஷியல் என்று அறிவிக்காத வரையில். புதிதாக எழுதுபவர்களுக்கு நான் இந்த அமைப்பையே சொல்கிறேன். பழைய நிரல்களைப் பராமரிப்பவர்கள் முதலில் மூலத் தொகுப்பு முழுவதிலும் அந்தக் கோப்பின் அசைன் பெயரை (செலக்ட் வரியில் தரும் வெளிப்பெயர்) தேடி, எத்தனை செலக்ட் வரிகள் கிடைக்கின்றன, அவற்றில் எத்தனை எஃப்டிகளில் எக்ஸ்டர்னல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு நிரலில் கை வையுங்கள்.