தூரத்து ஓடுபாதையில் கோடுகள் ஏன் துடிக்கின்றன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் காசு கொடுத்து ஒரு ஆட்-ஆன் விமான நிலையம் வாங்கினேன். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனை நேர்த்தி. தரையிறங்க வரும்போது மட்டும், தூரத்தில், ஓடுபாதையின் வெள்ளைக் குறிகள் துடித்துத் துடித்து மறைகின்றன. புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடட்டுமா?"

போட வேண்டாம். கார்டின் வேகத்துக்கும் இந்தத் துடிப்புக்கும் சம்பந்தமில்லை. கணினி வரைகலையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கு முன், ஒரு ஆட்-ஆன் சீனரிக்குள், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் நாமே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் இடக்காட்சிக்குள், என்னென்ன இருக்கின்றன என்று வேகமாகப் பார்த்துவிடலாம்.

சிமுலேட்டரோடு வரும் உலகத்தில் விமான நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் மட்டும் 37,000-க்கு மேல். ஆனால் அவற்றில் கையால் செதுக்கப்பட்டவை மிகச் சிலவே. மற்றவற்றில் ரன்வே உரிய இடத்தில் இருக்கும், டெர்மினல் எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு பொதுக் கட்டடமாக இருக்கும். ஆட்-ஆன் செய்பவர் வான்வழிப் படத்தைக் கீழே விரிக்கிறார். புகைப்படங்களைப் பார்த்து பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கட்டடங்களை எழுப்புகிறார். டாக்ஸிவே (விமானம் ஓடுபாதைக்குப் போய்வரும் பாதை), பார்க்கிங், விளக்குகள் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகக் குறிக்கிறார். பழைய பொதுக் கட்டடங்கள் அந்த எல்லைக்குள் வராதபடி விலக்குகிறார். நிஜத்தில் இல்லாமல் போன நிலையங்களுக்கும் இவர்கள் உயிர் கொடுக்கிறார்கள். ஹாங்காங்கின் காய் டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அதன் 13-ஆம் ஓடுபாதைக்கு, குன்றின் மேல் தீட்டிய சதுரங்கக் கட்டத்தைப் பார்த்து வலப்பக்கம் வளைந்து இறங்கும் அந்தப் பாதையை, இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து பழகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் தரை இருக்கிறது. எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் போன்ற சிமுலேட்டர்களின் மலைகளுக்கு அடித்தளமாக இருந்தது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து எடுத்த ரேடார் அளவீடு. விண்ணோடத்தில் ஒரு ஆன்டெனா, 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. இரண்டும் ஒரே எதிரொலியைக் கேட்ட வித்தியாசத்திலிருந்து உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் உயரம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே பல ஆண்டுகள் 90 மீட்டர் இடைவெளித் தகவல்தான் பொதுவெளியில் இருந்தது; 30 மீட்டர் தகவல் எல்லோருக்கும் திறக்கும் என்ற அறிவிப்பு 2014-இல்தான் வந்தது. மக்கள் வரிப்பணத்தில் அளந்த பூமியை மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அப்படித் திறந்ததால்தான் வெள்ளம் எங்கே பாயும் என்று கணக்கிடுபவரும், வீட்டில் விமானம் ஓட்டும் பள்ளி மாணவனும் ஒரே தகவலைத் தொட முடிகிறது.

அந்த ரேடாருக்கு அடர்ந்த மரக்கூட்டத்தின் மேற்பரப்பும் தரைதான். அதை அப்படியே நம்பினால் ரன்வே மேடும் பள்ளமுமாகிவிடும். அதனால் பழைய சிமுலேட்டர்கள் நிலையம் முழுவதையும் ஒரே உயரத்தில் தட்டையாக்கின. நேபாளத்தின் லுக்லாவில் ஓடுபாதை 527 மீட்டர் நீளம், சரிவு 11.7 சதவீதம், இரு முனைகளுக்கும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர வித்தியாசம். அதைத் தட்டையாக்கினால் ஒரு முனையில் செங்குத்துச் சுவர்தான் எழும். புதிய சிமுலேட்டர்கள் சரிவை ஏற்கின்றன, அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இனி துடிப்பு. தரையின் மேல் தார்ப்பரப்பு ஒரு பாலிகான் (பல பக்கங்கள் கொண்ட தட்டை வடிவம்), அதன் மேல் வெள்ளைக் குறிகள் இன்னொரு பாலிகான். 45 மீட்டர் அகல ரன்வே என்றால் தொடக்கத்தில் 30 மீட்டர் நீளமுள்ள 12 பட்டைகள். ரன்வே 2,400 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 400 மீட்டர் தள்ளி இரண்டு பெரிய வெள்ளைப் பட்டைகள். விமானி கண் வைத்து இறங்குவது அந்த இரண்டின் மேல்தான். அவை துடித்தால் எரிச்சல் வருவது நியாயமே.

திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கார்டு இரண்டு விஷயங்களைக் குறித்து வைக்கிறது: நிறம், அந்த நிறம் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது. இரண்டாவதற்கு டெப்த் பஃபர் என்று பெயர். அதே பிக்சலில் புதிதாக ஒன்று வந்தால், குறித்து வைத்ததை விட அது அருகில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வரையும், இல்லையென்றால் தள்ளிவிடும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்க இவ்வளவு போதும்.

ஆனால் அங்கே எழுதப்படுவது நேரடித் தூரம் இல்லை. ரன்வேயின் நடுக்கோட்டைக் கவனியுங்கள். தரையில் சம இடைவெளியில் இருக்கும் கோடுகள், திரையில் தொலைவு போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். திரையில் சம அடிகளாக நகர்ந்தால், தூரம் சம அடிகளில் கூடாது; 1-ஐத் தூரத்தால் வகுத்து வரும் எண்தான் சம அடிகளில் மாறும். ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். கார்டுக்கு இதைவிடச் சுலபமான வேலை இல்லை. அதனால் தூரத்தின் தலைகீழியைத்தான் எழுதுகிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. வழக்கமான டெப்த் பஃபரில் 24 பிட், அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் படிகள். காக்பிட்டின் கருவிகளும் தெரிய வேண்டும் என்பதால் கணக்கைக் கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரில் தொடங்குவோம். தலைகீழி வேகமாக விழும் எண். 10-இலிருந்து 20 சென்டிமீட்டருக்குள்ளேயே படிகளில் பாதி தீர்ந்துவிடும்! ஒரு மீட்டருக்குள் 90 சதவீதம் காலி. பத்து மீட்டருக்குள் 99 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தொடுவானம் வரை உள்ள அத்தனை மலைக்கும் நகரத்துக்கும் ரன்வேக்கும் மிச்சமிருப்பது சுமார் 1,677 படிகள். 10 கிலோமீட்டருக்கு அப்பால் 167.

ஒரு படியின் அகலத்தைப் பாருங்கள். 100 மீட்டரில் 6 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் 60 சென்டிமீட்டர், 10 கிலோமீட்டரில் 60 மீட்டர். தூரம் பத்து மடங்கானால் படி நூறு மடங்கு தடிக்கிறது. வெள்ளைக் குறியைத் தாருக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 3 டிகிரிச் சரிவில் இறங்கும்போது பார்வை சாய்வாகப் போவதால், பார்வைக்கோட்டில் அந்த ஒரு சென்டிமீட்டர் 19 சென்டிமீட்டராக நீள்கிறது. ஒரு கிலோமீட்டரில் படியே 60 என்னும்போது இந்த 19 எங்கே தெரியும்? குறியும் தாரும் பெரும்பாலும் ஒரே படியில் விழுகின்றன. எது முன்னால் என்பதை இனி முடிவு செய்வது கடைசி இலக்கத்தில் நடக்கும் முழுமையாக்கல்தான். ஒரு பிக்சலில் வெள்ளை ஜெயிக்கும், பக்கத்தில் கறுப்பு ஜெயிக்கும். விமானம் ஒரு இம்மி நகர்ந்தாலும் தீர்ப்பு மாறும். நீங்கள் பார்த்த துடிப்பு இதுதான், இசட்-ஃபைட்டிங் என்பார்கள். வேகமான கார்டு இதே தவறான தீர்ப்பை வினாடிக்கு அதிக முறை சொல்லும், அவ்வளவுதான்.

குறியை ஒரு மீட்டர் உயர்த்திவிடலாமே? கிட்டே வந்ததும் வெள்ளைப் பட்டை அந்தரத்தில் மிதக்கும், சக்கரம் அதற்குக் கீழே ஓடும். சில ஆட்-ஆன்காரர்கள் சில சென்டிமீட்டர் உயர்த்திச் சமாளிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எக்ஸ்-பிளேன் எடுத்த வழி இன்னும் கௌரவமானது. தரையில் ஒட்டியிருப்பவற்றைத் தமக்குள் தூரம் ஒப்பிடவே விடாமல், தரை, டாக்ஸிவே, ரன்வே, குறிகள் என்று சொல்லிவைத்த வரிசையில் ஒன்றன் மேல் ஒன்றாக வரையும். கடைசியில் வரைந்தது மேலே நிற்கும்.

ஆனால் என்னைச் சொக்க வைத்தது வேறொரு தீர்வு. படிகளை முழு எண்களாக வைக்காமல் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக, அதாவது புள்ளியின் இடம் மாறக்கூடிய பின்ன எண்களாக, வையுங்கள். இந்த எண்களுக்கு ஒரு குணம்: அரையிலிருந்து ஒன்று வரை 83 லட்சத்துக்கு மேல் எண்கள், காலிலிருந்து அரை வரை அதே அளவு, அரைக்காலிலிருந்து கால் வரை மறுபடி அதே அளவு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க எண்கள் கூடிக்கொண்டே போகும். வழக்கப்படி அருகில் 0, தொடுவானம் 1 என்று வைத்தால் இதனால் பயனில்லை. ஏற்கெனவே படிகள் கொட்டிக் கிடக்கும் காக்பிட்டுக்கே மேலும் போய்ச் சேரும். திசையை மட்டும் திருப்புங்கள். அருகில் 1, தொடுவானம் 0. தலைகீழி எங்கே படிகளைப் பறிக்கிறதோ, சரியாக அங்கே மிதவைப் புள்ளி அள்ளிக் கொடுக்கிறது. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. 10-இலிருந்து 20 சென்டிமீட்டர் வரை எத்தனை படிகளோ, 5-இலிருந்து 10 கிலோமீட்டர் வரையிலும் ஏறக்குறைய அத்தனை. 10 கிலோமீட்டரில் 60 மீட்டராக இருந்த படி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. மாற்றியது சில வரிகள்தான்: எண்ணின் வகை, திசை, ஒப்பீட்டில் பெரியது சிறியதற்கான குறி. மிதவைப் புள்ளிக்கான பொதுத் தரம் 1985-இல் வந்தபோது அதை வகுத்தவர்களின் கவலை அறிவியல் கணக்குகளின் துல்லியம், ரன்வேக் கோடுகள் அல்ல. அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது 'இதனால் என்ன பயன்' என்று முதல் நாளே கேட்பவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவேன்.

வாசகருக்கு: உங்கள் சிமுலேட்டர் பழையது என்றால், அந்த ஆட்-ஆனுக்குத் திருத்தப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், குறிகளைச் சரியான அடுக்கில் வைத்தாலே பாதிக்கு மேல் அடங்கும். புதியது என்றால், ஒரே நிலையத்துக்கு இரண்டு சீனரிகள் ஒன்றாக ஓடுகின்றனவா என்று தேடுங்கள். முன்பு போட்ட இலவசப் பதிப்பை நீக்க மறந்திருந்தால், இரண்டு ரன்வேக்கள் ஒரே உயரத்தில் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். அப்போது எத்தனை நுண்ணிய படி இருந்தும் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. பழைய கோப்புறையை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஒரு முறை இறங்கிப் பாருங்கள்.