போன் டேப்பிங்: ஒட்டுக்கேட்பு வேறு, ஒலிப்பதிவு வேறு

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்தது என்று கேட்க மகன் மருத்துவருக்குப் போன் செய்கிறார். பேச்சு முழுவதும் அவருடைய செல்பேசியில் பதிவாகிறது. மருத்துவருக்கு அது தெரியாது. பிறகு வழக்கு என்று வரும்போது, “போனை டேப் செய்திருக்கிறீர்கள், இது சட்டவிரோதம்” என்று எதிர்த்தரப்பு சொன்னால் அந்தக் குடும்பம் நடுங்கிப்போகும். பதிவை அழித்துவிடலாமா என்றுகூட யோசிக்கும். இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் ‘டேப்’ என்ற சொல்தான்.

ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று நாடாவைக் குறிக்கும் டேப். டேப் ரெக்கார்டரில் சுழன்ற காந்த நாடா அது. இன்னொன்று குழாயைக் குறிக்கும் டாப். பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயர் அது. அந்த முளையைத் திறந்து உள்ளே இருப்பதை வடித்தெடுப்பதற்கும் அதுவே வினையானது. தந்தி வந்ததும், கம்பியில் ஓடும் செய்தியை நடுவழியில் வடித்தெடுப்பதை ‘வயர்டாப்பிங்’ என்றார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா 1862லேயே தந்திக் கம்பியை இப்படி இடைமறிப்பதைத் தடைசெய்து சட்டம் போட்டுவிட்டது. தொலைபேசி அப்போது பிறக்கவே இல்லை.

தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘டேப்’ என்றே எழுதிவிட்டோம். ‘போன் டேப்பிங்’ என்று படிப்பவர் மனத்தில் வருவது டேப் ரெக்கார்டர். ஆகவே போனில் பேசியதைப் பதிவு செய்தாலே அது டேப்பிங், டேப்பிங் என்றால் குற்றம் என்று எண்ணம் ஓடுகிறது. உண்மையில் சட்டம் குற்றம் என்று சொல்வது வடித்தெடுப்பதை. நாடாவை அல்ல.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: ஒட்டுக்கேட்பு. சுவரையோ கதவையோ ஒட்டி நின்று, தன்னிடம் பேசப்படாத பேச்சைக் கேட்பது. ஆங்கிலத்தின் ‘ஈவ்ஸ்டிராப்’பும் ஏறக்குறைய இப்படிப் பிறந்ததுதான். கூரையின் இறவாரத்திலிருந்து மழைநீர் சொட்டும் நிலத்துக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. அந்த இடத்தில் நின்று வீட்டுப் பேச்சைக் கேட்டவருக்கும் அந்தச் செயலுக்கும் பிறகு அதுவே பெயரானது. இரண்டு மொழியிலும் கேட்பவர் வெளியே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். வெளியாள் இல்லாமல் ஒட்டுக்கேட்பு இல்லை. போனில் பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவர் எதை ஒட்டி நிற்க முடியும்? பேச்சே அவரிடம்தானே பேசப்படுகிறது!

இந்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1972இல் ஒரு தீர்ப்பில் ஆராய்ந்தது. ஆர்.எம்.மல்கானி எதிர் மகாராஷ்டிர அரசு என்ற அந்த வழக்கின் வேர் ஒரு மருத்துவச் சாவில்தான் இருக்கிறது. 1964இல் பம்பாயில் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இறந்துபோனார். சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் கொரோனர், சிகிச்சை அளித்த மருத்துவருக்குப் பாதகம் வராமலிருக்கப் பணம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. லஞ்ச ஒழிப்பு அதிகாரிகள் இன்னொரு மருத்துவரின் சம்மதத்தோடு அவருடைய தொலைபேசியில் டேப் ரெக்கார்டரை இணைத்து, அவர் கொரோனரோடு பேசியதைப் பதிவு செய்தார்கள்.

இது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை மீறியது என்று கொரோனர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. பேசியவர்களில் ஒருவரே அனுமதித்திருக்கும்போது கம்பியில் யாரும் அத்துமீறிக் கைவைத்ததாகாது. பேச்சும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நடந்தது என்றது. அதோடு, முறைகேடாகக் கிடைத்த சான்று என்றாலும் அந்த ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. குற்றமற்ற குடிமக்களின் தொலைபேசிப் பேச்சை அத்துமீறலிலிருந்து நீதிமன்றங்கள் காக்கும் என்பதையும் அதே தீர்ப்பு சேர்த்தே சொல்கிறது.

மறுபக்கம், உண்மையான ஒட்டுக்கேட்பு. அது அந்தரங்க உரிமையைத் தொடுகிறது என்று 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசே செய்தாலும் சட்டம் சொல்லும் காரணமும் உயர் அதிகாரியின் உத்தரவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதியின்றி இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே மருத்துவரின் போனில் உளவுச் செயலி ஏற்றுவதும், செவிலியர்கள் தங்களுக்குள் பேசுவதை அறையில் கருவி ஒளித்துவைத்துப் பிடிப்பதும் முற்றிலும் வேறு கதை. துக்கத்திலும் கோபத்திலும் இருக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

சரி, மருத்துவர் நோயாளி உறவில் ரகசியம் காக்கும் கடமை இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அந்த ரகசியம் நோயாளியுடையது, கடமை மருத்துவருடையது. தன் உடலைப் பற்றித் தானே பேசிய பேச்சை நோயாளி பதிவு செய்தால் அவர் யாருடைய ரகசியத்தையும் திருடவில்லை. நோயாளியின் பேச்சை மருத்துவர் பதிவு செய்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஊடகத்துக்குக் கொடுத்தால் கதை மாறும். அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்த பிறகு, உயர் நீதிமன்றங்கள் சில ரகசியப் பதிவுகளை ஏற்கத் தயங்கின. 2025 ஜூலையில் ஒரு மணவிலக்கு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த உரையாடல்களைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தம்பதியர் வழக்கு. மருத்துவத் தகராறுகளுக்கு இன்றும் நேரடியாகப் பொருந்துவது மல்கானி தீர்ப்புதான் என்பது என் கருத்து.

ஏற்பது ஒன்று, நம்புவது இன்னொன்று. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. ஓர் ஒற்றன் ஒற்றி வந்து தந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றிப் பார்த்துக்கொள் என்கிறது 588ஆம் குறள். மறைவாகக் கிடைத்த செய்திக்குத் துணைச்சான்று வேண்டும் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. 1985இல் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒலிப்பதிவுக்கு வகுத்த சோதனைகளும் இதே கவலையிலிருந்து வந்தவை. குரல் யாருடையது என்று அடையாளம் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டவில்லை என்று காட்ட வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், பதிவு பத்திரமாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டையும், அதில் குறிக்க வேண்டும். ஆகையால் பதிவான செல்பேசியை விற்றுவிடாதீர்கள், மாற்றிவிடாதீர்கள். தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக்கோப்பை அழிப்பது, இருக்கும் சான்றைத் தானே கெடுப்பது.

பதிவில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். “ரொம்ப வருத்தமாக இருக்கிறது, இப்படி ஆகியிருக்கக் கூடாது” என்று மருத்துவர் சொன்னால் அது இரக்கம். குற்ற ஒப்புதல் ஆகிவிடாது. நம் செய்திகளில் வரும் ‘மருத்துவ அலட்சியம்’ என்ற சொல்லும் இங்கே குழப்புகிறது. அலட்சியம் என்றால் பொருட்படுத்தாத மனப்போக்கு. சட்டம் முதலில் பார்ப்பது மனப்போக்கை அல்ல. அந்தத் துறையில் நியாயமான திறமையுள்ள ஒருவர் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்பதை. அதனால் ‘மருத்துவக் கவனக்குறைவு’ என்பதே பொருத்தம். அதை நிறுவ சிகிச்சைக் குறிப்புகளும் வல்லுநர் கருத்தும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். முதலில் எழுத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். “அன்று சொன்ன மருந்தும் ஏட்டில் எழுதிய மருந்தும் வேறு” என்று காட்ட ஒலிப்பதிவு உதவும். ஏடு கையில் இல்லாமல் அதையும் காட்ட முடியாது.

அப்புறம், எந்தச் சொல்லை எதற்கு வைக்கலாம்? வெளியாள் செய்வதற்கு ‘ஒட்டுக்கேட்பு’. அரசு உத்தரவோடு தொழில்நுட்ப வழியில் செய்யப்படுவதற்கு ‘இடைமறிப்பு’. பேசுகிறவரே மற்றவரிடம் சொல்லாமல் செய்வதற்கு ‘அறிவிக்காத ஒலிப்பதிவு’ என்பேன். ‘ரகசியப் பதிவு’ என்பதும் பிழையில்லை, ஆனால் அதில் குற்றத்தின் வாடை முன்கூட்டியே ஏறிவிடுகிறது. இந்த மூன்றில் எதற்கும் ‘டேப்பிங்’ என்ற சொல் வேண்டாம்.

இவையெல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துச் சொன்னவை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் இங்குள்ள மருத்துவரோடு பேசும்போது அவர்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்தியச் சட்டத்துக்கு ஒரு தரப்பின் சம்மதம் போதும். கலிபோர்னியாவில் அந்தரங்கப் பேச்சைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனியில் பொதுவில் பேசப்படாத பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வது, பேசுகிறவரே செய்தாலும், குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவின் கீழ் வரும்.